மழையில் நனைந்த கருங்கல்

கல்லுக்கு என்ன ருசி என்று ஸஜாதுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து கணினிக்கு முன்னால் குந்தியிருந்து தலையைச் சொறிந்ததுதான் மிச்சம்.

கல்முனையில் மனைவி வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, கொழும்பு விளம்பர நிறுவனமொன்றுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பவன் அவன். சவர்க்காரம், ஷாம்பு, பால்மா எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த முறை வந்தது சுவிஸ் நாட்டு மலைத் திராட்சைத் தோட்டத்து வெள்ளை வைன். அங்கே இருக்கும் தமிழருக்கு விற்க, அதன் குணத்தைச் சொல்லி நாலு வரி வேண்டுமாம். ஆங்கிலக் குறிப்பில் 'ஈரக்கல்லின் ருசி' என்று கிடந்தது. கூடவே ஒரு போத்தலும் கூரியரில் வந்து இறங்கியிருந்தது.

குடிப்பதுதான் ஹறாம், எழுதுவதற்கு என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டான். யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை, அது வேறு கதை. மாமனார் முகைதீன்பாவா பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர். போத்தலைக் கண்டால் மருமகனை வாசலோடு அனுப்பிவிடுவார். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருக்கிற ஊரில், கோபித்துக்கொண்டு போய்ச் சாத்துவதற்கு அவனுக்கென்று ஒரு கதவும் கிடையாது.

வழி ஒன்றுதான். மதில் கட்ட வந்து பழக்கமான மேசன் யாகோப்பை அழைத்து, அறைக் கதவைப் பூட்டி, ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தான். யாகோப்பு கண்ணை மூடி, வாய்க்குள் வைத்து உருட்டி, மெதுவாக விழுங்கினார்.

"ஓம் தம்பி, கல்லுதான். மழையில நனைஞ்ச கருங்கல்லு. ஆனா சரியான லேசு. குடிச்ச மாதிரியே இல்ல, அதுதான் இதுட குணம்."

ஸஜாத் அதை அப்படியே எழுதி அனுப்பினான். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் தன் மனைவி றஞ்சிதமலர் கொன்றுபோடுவாள், பின்னேரம் வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு யாகோப்பு போய்விட்டார். மிச்ச வைனை யாரும் சந்தேகப்படாதபடி பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி மேசையில் வைத்தான். வெறும் போத்தலை அலுமாரிக்குள் ஒளித்தான். புத்திசாலி. முகம் கழுவப் போய்த் திரும்புவதற்குள், வயலிலிருந்து வெயிலில் வந்த மாமா அதைத் தூக்கி அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டார்.

"என்ன மருமகன், தண்ணி ஒரு வாடையா இரிக்கி" என்று வாயைத் துடைத்துக்கொண்டே, தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுளூச் செய்யக் கிளம்பினார்.

ஸஜாதுக்கு உயிர் போய் வந்தது. சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் வைன் குடித்த மனிதர் தொழப் போவார், அந்தப் பாவம் யார் தலையில்? ஓடிப்போய்க் கையைப் பிடித்து, அழாக்குறையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

முகைதீன்பாவா அப்படியே கதிரையில் சரிந்தார். தலை சுற்றுகிறது என்றார். வீடு ஆடுகிறது என்றார். மாமி சுபைறாவும் மனைவி நுஸ்ஹாவும் குசினியிலிருந்து ஓடி வந்தார்கள். தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தும் கேட்கவில்லை. நாக்குக் குழறத் தொடங்கியது.

"வெறியில உண்மதான் வருமாம். நானும் உண்மயச் செல்லப்போறன். கலியாணம் முடிச்ச நாளையிலிரிந்து சுபைறா ஆக்கின புளியாணம் என்ட வாய்க்குப் புடிச்சதே இல்ல. அவட ராத்தா ஸுஹைறா ஆக்குறதுதான் ஆணம். பெருநாளைக்கி ஆளுக்கெல்லாம் தெரியாம அங்க போய்த்தான் திண்டு வாறன்."

மாமியும் அவளுடைய அக்கா ஸுஹைறாவும் முகம் பார்த்துப் பேசாத ஆட்கள் என்பது ஊரறிந்த விஷயம். மாமி கையிலிருந்த அகப்பையை மேசையில் டொக்கென்று வைத்தாள். ஆனால் நல்ல மனுசி, பொறுத்துக்கொண்டாள்.

"குடி கதைக்குது, மனிசன் கதைக்கல்ல" என்று கணவரின் நெற்றியைத் தடவினாள். பிறகு ஸஜாதைப் பார்த்த பார்வையில் அவன் பெட்டி கட்டத் தயாரானான்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. கொழும்பு அலுவலகத்து றொசானி. எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. கருங்கல் வரி சுவிஸ்காரருக்கு நன்றாகப் பிடித்துவிட்டதாம், குடித்து அனுபவித்த ஆள்தான் இப்படி எழுத முடியும் என்றார்களாம்.

ஸஜாத் அழுதேவிட்டான். "ஏன் எங்கட வீட்டுக்கு அந்தப் போத்தல அனுப்பினீங்க, மிஸ்? எல்லாம் நாசமாப் போயிற்று."

"நானும் கல்முனைதானே ஸஜாத், மரைக்காயர் வீட்டுக்கு வைன் அனுப்புவனா? லேபலப் பாக்கத்தான் போத்தல அனுப்பினது, உள்ளுக்க இருந்தது வெறும் பைப் தண்ணி."