எழுதியவர் பெயர் தெரியாத பாட்டு

எனக்குப் பொறாமை காது வழியாக வந்தது. ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டி. அது கூரையைத் தொடவில்லை. அந்தப் பக்கம் கீதா டீச்சர் தமிழ் நடத்துவார். இந்தப் பக்கம் நான். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். இங்கிருந்து மின்விசிறிச் சத்தம் போகும்.

திருவனந்தபுரத்தில், ஆரியசாலையை ஒட்டிய பள்ளி அது. பிள்ளைகளில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள். நான் பத்தாண்டுகள் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்து, அடுத்தவர் எழுதியதில் பிழை பிடித்துவிட்டு, வாத்தியார் வேலைக்கு வந்தவன். இதே ஊரில் கரமனையில் பிறந்து வளர்ந்த கீதா டீச்சர் பத்திரிகை ஆபீஸ் படியை மிதித்ததில்லை. (இதை நான் தினமும் ஒருமுறை நினைத்து ஆறுதல் அடைவேன்.)

அவருடைய முறை எளிது. வீட்டில் பாடுகிற, போனில் கேட்கிற ஒரு பாட்டைப் பிள்ளைகள் எழுதி வர வேண்டும். தாலாட்டு, சினிமாப் பாட்டு, கோயில் கொடைப் பாட்டு, எதுவும் சரி. அதைக் கரும்பலகையில் எழுதி வரி வரியாக வாசிப்பார்கள். யார் பாடுகிறார், யாரிடம், எதைச் சொல்லாமல் விடுகிறார்? யார் என்ன சொன்னாலும் டீச்சர் கேட்பது ஒன்றுதான்: “எந்த வரியில இருக்கு?” செய்யுளைக் கண்டதும் கண் சொருகும் பிள்ளைகள், ஒரு தாலாட்டுக்காக அடித்துக்கொண்டார்கள்.

இதைப் பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. பிடித்துப்போனால், மாவட்டத்தின் தமிழ் ஆசிரியர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்க ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன்.

“சாரே, அவங்க கீதா டீச்சரோட க்ளாஸ் காணத்தான் வருது,” என்றார் அவர், தன் மலையாளத் தமிழில்.

“நானும் பாட்டு வெச்சுத்தான் நடத்தறேன், மேடம்.”

“எப்பத்தொட்டு?”

“கொஞ்ச நாளா.” (அந்த நிமிடத்திலிருந்து.) அதிகாரி என் வகுப்புக்கும் வர ஏற்பாடாயிற்று.

பிள்ளைகளிடம் பாட்டுக் கேட்டால் அது கீதா டீச்சர் முறையாகிவிடும். மேலும், அவர்கள் கொண்டுவரும் பாட்டின் தரம் எப்படியிருக்குமோ? ஆகவே கட்டடத் தொழிலாளர் பாட்டு ஒன்றை நானே எழுதத் தீர்மானித்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது மனைவி பத்மா எட்டிப் பார்த்தாள்.

“என்ன எழுதறேள்?”

“வாய்மொழிப் பாட்டு.”

“அத நீங்க எழுதுவேளா?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மறுநாள், கடைசி பெஞ்சில் அதிகாரியும் கீதா டீச்சரும் அமர்ந்திருக்க, என் எழுத்தைக் கரும்பலகையில் எழுதினேன்:

கல்லைத் தோளில் சுமந்து வந்தோம்
கனவைக் கண்ணில் சுமந்து வந்தோம்
உச்சி வெயிலில் வார்ப்புப் போட்டோம்
உயர நின்று நிலவைத் தொட்டோம்

கான்கிரீட் என்று எழுதாமல், இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற ‘வார்ப்பு’ என்றே போட்டதில் எனக்குத் தனிப் பெருமை. கீழே ‘எழுதியவர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன்.

“யார் பாடறாங்க?” என்றேன்.

இசக்கியம்மாள் எழுந்தாள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். அவளை நம்பித்தான் பாட்டே எழுதியிருந்தேன்.

“வேல செய்யற ஆளு இல்ல சாரே.”

“எந்த வரியில இருக்கு?” (கேள்வி கீதா டீச்சருடையது. தானாக வந்துவிட்டது.)

“மொத வரி. செங்கல்ல யாரு தோள்ல தூக்குவா? சும்மாடு வெச்சுத் தலையிலதான். மூணாவது வரியும். வார்ப்பு அன்னிக்கு எங்கம்மா வெள்ளனயே போயிருவாங்க. உச்சி வெயிலுக்குள்ள முடிச்சிரப் பாப்பாங்க.”

பின்னாலிருந்து முத்துக்குமார்: “அதுல உச்சி வெயிலு, அடுத்த வரியில நிலா. வேல எத்தன மணிக்கு முடியுது சாரே?”

வகுப்பு சிரித்தது. நான் ஆசைப்பட்ட அதே சிரிப்பு. பத்தாண்டுகளாக நிருபர்களின் செய்தியில் நான் சுழித்துக் காட்டிய வகைப் பிழை அது.

“கான்கிரீட் கலக்கற மிக்சர் ஓடுனா பக்கத்துல பேசறதே கேக்காது. இதுல பாட்டு வேற,” என்றாள் இசக்கி. “இத எழுதினவரு எதுத்த வீட்டு மொட்டமாடியில நின்னு பாத்திருக்காரு.”

அதிகாரி வேகமாகக் குறிப்பெடுத்தார். “சரி, உட்காரு,” என்றேன். அவள் உட்காரவில்லை.

“சாரே, ரெண்டாவது வரி. ஆண்டு விழாவுக்கு நீங்க எழுதின வரவேற்புப் பாட்டுலயும் ‘கனவைக் கண்ணில் சுமந்து’ன்னு வருமே. ரெண்டும் ஒரே ஆளு எழுதினதா?”

அடிக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி நிமிர்ந்து, “சார், இது உங்க பாட்டா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கீதா டீச்சர் முந்திக்கொண்டார். “ஆமா சார். வேணும்னே தப்பும் தவறுமா எழுதி, கொழந்தைகள் கண்டுபிடிக்கறாளான்னு பாக்கறார். பேப்பர்ல இருந்தவர் அல்லே?”

தலையாட்டினேன். அவரைக் கண்டு பொறாமைப்பட எனக்கிருந்த எல்லாக் காரணங்களோடும், என்னைக் காப்பாற்றினார் என்பதும் சேர்ந்துகொண்டது.

பயிற்சிக்குக் கீதா டீச்சரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கூடவே என் பாட்டையும். போகும் இடமெல்லாம் அதை அச்சடித்துக் கொடுக்கிறார். தலைப்பு: ‘இந்தப் பாட்டில் எத்தனை பொய்?’ பெயர் போடட்டுமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். அச்சில் வந்த என் ஒரே கவிதை அதுதான். போன மாதம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்பின் தெரியாத இரண்டு ஆசிரியைகள் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பெல்லாம் கீதா டீச்சர் கணக்கில் சேர்வதைப் பொறுக்க முடியாமல், “அது நான் எழுதினது,” என்று சொல்லியேவிட்டேன். அவர்கள் நம்பவில்லை.

அன்று வீட்டுக்குத் தாமதமாகப் போய், பஸ் கிடைக்கவில்லை, உச்சிக்குக் கிளம்பினவன் என்று விளக்கத் தொடங்கினேன். அந்தத் தாளை ஏற்கெனவே படித்திருந்த பத்மா தட்டை வைத்தாள்.

“உச்சி வெயில் மூணாவது வரி,” என்றாள். “இப்ப நிலா வந்தாச்சு. சாப்பிடுங்கோ.”