நாங்கள் கல்லாறு போயிருந்த பொங்காலை

எங்களிடம் பணம் இருக்கிறது என்று குடும்பம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நம்புவதற்கு ஆதாரங்களும் இருந்தன. என் கணவர் சேஷாத்ரி அரசு அலுவலகம் ஒன்றில் தணிக்கைப் பிரிவில் இருந்தார். பிறருடைய வரவு செலவில் பிழை கண்டுபிடிப்பதற்கு அவருக்குச் சம்பளம். நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியை. தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு விளக்குபவள். திருவனந்தபுரத்தில், பழவங்காடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மாமனார் விட்டுச்சென்ற ஓட்டு வீடு. போதாததற்கு நகரின் ஓரத்தில், கழக்கூட்டத்தில் ஒரு ஃப்ளாட். இப்படிப்பட்ட தம்பதிக்குக் கடன் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? முதல் சில மாதங்களுக்கு நாங்களே நினைக்கவில்லை.

ஃப்ளாட்தான் எல்லாவற்றுக்கும் மூலம். கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாடகைக்கு வரிசையில் நிற்பார்கள், வரும் வாடகையே வங்கித் தவணையைக் கட்டிவிடும் என்பது எங்கள் திட்டம். கட்டடம் நான்காம் மாடி வரை எழும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. எங்களுடையது ஆறாம் மாடி. (அதாவது, ஆகாயத்தில் ஓர் இடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.) அந்தத் தவணையைச் சமாளிக்க ஒரு பர்சனல் லோன் வாங்கினோம். அதைச் சமாளிக்க, என் கையிலிருந்த வளையல்கள் அடகுக்குப் போயின.

அவை என் மாமியாரின் வளையல்கள். கடைசிக் காலத்தில் தாமே கழற்றி என் கையில் போட்டுவிட்டவை. மாசி மாத முடிவுக்குள் பணம் கட்டி மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும் என்று அடகு நிறுவனத்திலிருந்து மிகவும் மரியாதையாகத் தொலைபேசியில் சொன்னார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் சிக்கன ஆட்சி தொடங்கியது. ஞாயிறுதோறும் காப்பிக்குப் பின் பட்ஜெட் கூட்டம். அவர் அலுவலகக் குரலில் கேட்பார், நான் விளக்கம் தருவேன்.

“கறிவேப்பிலைக்குத் தனியா காசு குடுத்திருக்கே. காரணம்?”

“ரசத்துக்கு.”

“போன வாரம் கடைக்காரன் சும்மாதானே குடுத்தான்?”

“போன வாரம் காய் வாங்கினோமே. இந்த வாரம் கறிவேப்பிலை மட்டும்தான் வாங்கினோம்.”

இந்த விகிதத்தில் மிச்சம் பிடித்து, வளையலுக்கான பணத்தை ஏறக்குறைய சேர்த்துவிட்டோம். அப்போதுதான் பொங்காலை வந்தது.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாசி மாதத்தில் ஒரு நாள், ஆற்றுகால் பகவதிக்குப் பொங்கலிட ஊர் ஊராகப் பெண்கள் வருவார்கள். கோயிலைச் சுற்றி மைல் கணக்கில் எல்லாத் தெருக்களிலும் செங்கல் அடுக்கி, மண்பானை ஏற்றுவார்கள். கோயில் அடுப்பு பற்றிய பிறகுதான் தெரு அடுப்புகள் பற்றும். அந்தத் தெருக்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அன்று உறவினர்கள் பெருகுவார்கள். எங்களுக்கு முதல் உறவு, இவருடைய அக்கா அலமேலு. நாகர்கோவிலிலிருந்து மருமகள்கள், சம்பந்தி வீட்டார், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ரயில் பெட்டியில் பாதியை நிரப்பிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடுவாள். காப்பி, இட்லி, சாப்பாடு, மறுபடி காப்பி; போகும்போது பிறந்த வீட்டுச் சீராக அக்காவுக்குப் பட்டுப் புடவை, மற்றவர்களுக்கு ரவிக்கைத் துணி. கூட்டிப் பார்த்தால், அது வளையல்களை மீட்கும் தொகையேதான்.

“அக்காகிட்டே நெலமையைச் சொல்லிடலாமே” என்றேன்.

“அம்மா வளையலை அடகு வெச்சிருக்கேன்னு அக்காகிட்டே சொல்லணுமா? அதைவிட நான் அந்த ஆறாம் மாடியிலேருந்து குதிச்சுடலாம்.”

“நாலாம் மாடிக்கு மேலே படியே கிடையாதே.”

ஆகவே ஒரு பொய் பிறந்தது. அந்த வருடம் பொங்காலைக்கு நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம். பொன்முடி மலை அடிவாரத்தில், கல்லாறில், அலுவலக நண்பரின் வீட்டில் தங்குகிறோம் என்று அக்காவுக்குச் சொன்னோம். உண்மையிலேயே கல்லாறு போயிருக்கலாம். ஆனால் பேருந்துக் கட்டணத்துக்குப் பட்ஜெட் கூட்டத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை. பைசா செலவில்லாமல் மறைந்திருக்கக்கூடிய இடம் எது என்று ஆராய்ந்ததில், எங்கள் வீடுதான் மிகச் சிக்கனமானது என்று தெரிந்தது.

முந்தின நாள் மாலை வாசற்கதவை வெளியே பூட்டிவிட்டு, அவர் சந்து வழியாகச் சுற்றி வந்து, கொல்லைக் கதவால் உள்ளே நுழைந்தார். ஜன்னல்களை அடைத்தோம். அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றினோம். (பொருளியல் முதுகலையில் எனக்கு முதல் வகுப்பு என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.)

விடிந்தபோது வாசலில் ஒரு குரல்.

“இங்கேயே வைடி கல்லை. எங்கம்மா வெச்ச எடமாக்கும் இது.”

அலமேலு அக்கா.

வீடு பூட்டியிருந்தால் அக்கா வர மாட்டாள் என்று எண்ணியதுதான் எங்கள் கணக்கின் அடிப்படைப் பிழை. அவள் எங்களிடமா வந்துகொண்டிருந்தாள்? பிறந்த வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். நாங்கள் இடையில் இட்லி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள், அவ்வளவுதான். கொல்லைப் பக்கம் தப்பிக்கலாமென்றால், சந்து முழுவதும் பெண்கள். கதவை ஒட்டியே யாரோ ஒருவரின் பானை.

பூனைபோல் நடந்தோம். குக்கர் விசில் போடுமென்று பட்டினி கிடந்தோம். அந்தச் சமயத்தில் இவருடைய கைப்பேசி அதிர்ந்தது. அக்கா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு கூப்பிடுகிறாள். எடுக்காவிட்டால் கவலைப்படுவாள் என்று இவர் குளியலறைக்குள் ஓடினார். கல்லாறு என்றால் ஆறு வேண்டுமல்லவா? குழாயை முழுவதும் திறந்துவிட்டுப் பேசினார்.

“அம்பி, எங்கேடா இருக்கே?”

“ஆத்தங்கரையிலே இருக்கேன்க்கா.”

“ஆமா, ஜலம் ஓடற சத்தம் நன்னா கேக்கறது. அங்கேயும் மைக் செட்டாடா? பகவதி பாட்டு கேக்கறதே.”

“டீக்கடையிலே டி.வி. ஓடறது. லைவ்.”

“சுகமா இருங்கோ. நாங்க ஒங்க வாசல்லேதான் அடுப்பு வெச்சிருக்கோம். ஜலம் வாசல் குழாயிலே எடுத்துக்கறோம், கேட்டியா?”

அக்கா மருமகள்களைப் பற்றி நெடுநேரம் பேசினாள். கல்லாறும் நெடுநேரம் ஓடியது. அது ஓடி முடிந்தபோது மேல்தொட்டி காலியாகியிருந்தது.

சற்று நேரத்தில் வாசலிலிருந்து பேச்சு கேட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. அரிசி களைய வேண்டும். அக்கா யாரிடமோ, “மோட்டார் ஸ்விட்ச் உள்ளேயாக்கும். என்ன செய்யறது?” என்றாள். குரல் தளர்ந்திருந்தது. அவளுக்கு முழங்கால் வலி. தண்ணீருக்குத் தெருக்கோடி வரை நடக்க முடியாது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவிட்சைப் பார்த்தார். அவர் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டார்.

வெளியே ஒரு மருமகளின் குரல்: “அம்மா, மோட்டார் ஓடறது.”

“பூட்டின ஆத்துலே யாருடி போட்டா?”

“ஆட்டோமேட்டிக்கா இருக்கும்மா. தொட்டி காலியானா தானே ஓடும்.”

“என் தம்பியா ஆட்டோமேட்டிக் வாங்குவான்? ஃப்யூஸ் போனா கம்பி சுத்தறவன் அவன்.”

அத்துடன் சந்தேகம் நின்றிருக்கலாம். ஆனால் கோயில் அடுப்பு பற்றியது. நகரம் முழுவதும் அடுப்புகள் பற்றின. அக்காவின் தென்னம்பாளைப் புகை எங்கள் ஜன்னல் இடுக்குகள் வழியாக அழைக்காமலேயே உள்ளே வந்தது. இவருக்குத் தும்மல் ஒன்றோடு நிற்காது. முதல் தும்மலைத் தலையணையில் புதைத்தார். இரண்டாவதைப் புடவைத் தலைப்பால் நான் அடக்கினேன். அதன்பின் வந்தவற்றை அடக்க வீட்டில் துணி இல்லை.

ஜன்னலுக்கு மிக அருகில் அக்காவின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னாள்.

“அம்பி, இது நம்மப்பாவோட தும்மல். ஜன்னலைத் தொற.”

திறந்தோம். திறந்த ஜன்னலில் இரண்டு முகங்கள். எதிரே தெரு நிறையப் பெண்கள். சாவியோ எங்களிடம், பூட்டோ வெளியே. எங்கள் வீட்டிலிருந்து எங்களைத் திறந்துவிட வேண்டும் என்று நாங்களேதான் சாவியை நீட்ட வேண்டும். அந்த மரியாதையை இவர் என்னிடம் ஒப்படைத்தார். கம்பிகளுக்கிடையில் கையை நீட்டினேன்.

அக்கா சாவியை வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெறுங்கை. அதை ஒரு கணம் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியேறினாள்.

அதற்குள் பக்கத்து அடுப்புக்காரி கேட்டுவிட்டாள். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த மலையாளப் பெண்மணி. பூட்டிய வீட்டுக்குள் ஆட்கள் எப்படி என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அக்கா பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: “விரதமாக்கும். அடுப்பு பத்தற வரைக்கும் வெளியே பூட்டிண்டு, ஒண்ணும் சாப்பிடாம, ஒண்ணும் பேசாம இருக்கறதாட்டு ஒரு நேர்ச்சை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்யணும்.”

கதவு திறந்து நாங்கள் வெளியே வந்தபோது, அந்தப் பெண்மணி கைகூப்பினார். அவரைப் பார்த்து இன்னும் பலர் கூப்பினார்கள். புகையால் கண்ணீர் வழிய நின்ற இவரைக் கண்டு ஒருவருக்குப் பக்தி மேலிட்டது. “எத்ர கொல்லமாயி, சேச்சி?” எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்கிறார். “இதுதான் முதல் தடவை” என்றேன். அன்று அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை அது.

உள்ளே வந்ததும் அக்கா ஊஞ்சலில் உட்கார்ந்தாள். இவர் ஃப்ளாட்டில் தொடங்கி வளையலில் முடித்து, எதையும் விடாமல் சொன்னார். தணிக்கைக்காரர் தணிக்கைக்கு உட்பட்டு நான் பார்த்தது அன்றுதான். அக்கா கடைசி வரை கேட்டாள். திட்டுவாள் என்று தலைகுனிந்து நின்றோம்.

“அந்த வளையலை அம்மா எத்தனை தரம் வெச்சிருக்கா தெரியுமாடா? ஒன் காலேஜ் ஃபீஸ் அதுலேதான் கட்டினா. என் கல்யாணப் பந்தலும் அதுலேதான். நம்மாத்தைவிட அதுக்கு அடகுக்கடைதான் பரிச்சயம்.”

“எனக்கு ஏன்க்கா சொல்லலே?”

“நீ ஏன் எனக்குச் சொல்லலே?”

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“வத்சலா, கார்த்தாலேருந்து சாப்பிட்டேளா?”

இல்லையென்றேன். அவள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். தூக்குப் பாத்திரங்கள் உள்ளே வந்தன. புளியோதரை, தயிர்சாதம், எலுமிச்சங்காய் ஊறுகாய், ஃபிளாஸ்க்கில் காப்பி. வீடு பூட்டியிருக்கும் என்று அவர்களே எல்லாருக்கும் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லா வருடமும் இப்படியே வந்திருப்பார்கள். இத்தனை கணக்குகள் போட்ட நாங்கள் இருவரும் அந்த ஒரு வரியைப் போட்டுப் பார்க்கவில்லை. விருந்தாளிகளின் சோற்றை, எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, வெட்கத்தோடும் பசியோடும் சாப்பிட்டோம். பசிதான் சற்று அதிகமாக இருந்தது என்று நினைவு.

“சீர்ப் புடவையெல்லாம் வேண்டாம்” என்றாள் அக்கா புறப்படும்போது. “அடுத்த வருஷம் அவ கையிலே வளையலைப் பாக்கணும். அது மதி, அது போதும்.”

மாசி முடிவதற்குள் வளையல்களை மீட்டோம். பர்சனல் லோனை முடிக்க மேலும் சில வருடங்கள் பிடித்தன. ஃப்ளாட் ஒருவழியாக ஆறாம் மாடியை எட்டியதும் விற்றோம். லாபம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. அந்த மலையாளப் பெண்மணி மறுவருடம் கணவரோடு வந்து, தங்களையும் உள்ளே வைத்துப் பூட்ட முடியுமா என்று கேட்டார். அவர்களுக்கும் ஏதோ காரியம் நடக்க வேண்டியிருந்தது. நான் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

குடும்பத்தில் நிலைத்துவிட்டது வேறொன்று. கையில் காசில்லை என்று சொல்ல வாய் கூசும் எல்லாருக்கும் அன்றோடு ஒரு சொல் கிடைத்துவிட்டது. அக்காவின் சின்ன மருமகள் போன வாரம்கூட அழைத்தாள். “மாமி, இந்த மாசம் நாங்க கல்லாறாக்கும். எங்ககிட்டேருந்து பரிசு கிரிசு ஒண்ணும் எதிர்பாக்காதேங்கோ.” அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எதிர்முனையில் இருப்பவர், “ஆத்துலே ஜலம் நெறைய ஓடறதா?” என்று மட்டும் விசாரிப்பார். கடன் பெரிதா சிறிதா என்று பொருள். பெரிது என்றால் யாராவது தூக்குப் பாத்திரத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

அலமேலு அக்கா காலமாகி இரண்டு பொங்காலைகள் ஆயின. மருமகள்கள் வருகிறார்கள்; அரிசியும் வெல்லமும் அவர்களே கொண்டுவருகிறார்கள். முந்தின நாள் மாலையே இவர் வாசற்கதவை விரியத் திறந்து வைத்து, மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுகிறார். ஜன்னலுக்கு வெளியே, அக்கா கல் வைத்த இடத்தில், இப்போது வளையல் கையோடு நான் உட்கார்கிறேன். அடுப்பு பற்றியதும் உள்ளேயிருந்து தும்மல் கேட்கிறது. நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருக்கிறோம்.