வாசல்காரனுக்குப் பிளேன் டீ கொடுத்தவர்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சரி. கண்டி டவுனில் ஒரு கடையில் சீமெந்து மூட்டை சுமந்தேன். பிறகு அதே கடைக்கு எதிரிலேயே சொந்தமாக ஹாட்வெயார் கடை போட்டேன். "இந்தச் சரிவில் வீடு நிற்காது" என்று இரண்டு இன்ஜினியர்கள் கையெழுத்து வைத்துச் சொன்ன இடத்தில் மூன்று மாடி எழுப்பினேன். அந்த இருவரில் ஒருவர், பின்னால் தன் வீட்டுத் தடுப்புச் சுவருக்கு என்னிடம்தான் யோசனை கேட்டு வந்தார். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இவ்வளவும் யார் தயவும் இல்லாமல் செய்தது.

இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவது மட்டும் இன்னொருவர் தயவு. அவர் பெயர் எங்கள் தெருவில் "அப்படியே ஐயா". பேய்கள் பேசுவதை எழுந்து நின்று மொழிபெயர்த்த மனிதர் இந்த இலங்கையிலேயே அவர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்துக்காரர். முப்பத்திரண்டு வருசம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். "சாட்சி சொன்னதை அப்படியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்று நாளைக்கு நாலு தரமாவது சொல்வார். அதனால் வந்த பெயர். பென்ஷன் எடுத்த பிறகு என் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்தார். காலை பத்து மணிக்குப் வந்து உட்காருவார், பெயின்ட் டின்களுக்குப் பக்கத்தில் உள்ள கதிரை அவருடையது. வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன், கையில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம்.

அந்தப் புத்தகத்தின் அட்டையில் சிறகு முளைத்த ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பதினாறு வயதுப் பிள்ளைகள் வாசிக்கிற கதை. எழுபது வயது மனிதர் வாசித்தார்.

"ஐயா, பெரிய ஆளுங்க படிக்கிற புத்தகம் ஒண்ணும் கிடைக்கலீங்களா?"

"பெரிய ஆக்கள் செய்யிற வேலையெல்லாம் முப்பத்திரண்டு வருசம் கேட்டிட்டன், முதலாளி. இதில பேய் எண்டால் பேய் எண்டு போட்டிருக்கு. அது மரியாதையான விசயம்."

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஒரு மனிதர் என் கடையில் உட்கார்ந்து தனக்குத் தானே சிரிப்பதை எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பது? சொல்லுங்கள் என்றேன். உடனே எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பழக்கமில்லையாம்.

கதை இதுதான். வெளிநாட்டில் ஒரு பெரிய நகரம். அங்கே தரைக்கு அடியில் ஓடும் ரயிலுக்கு ஒரு பூட்டிய பிளாட்பாரம். அதற்குப் பின்னால் பேய்களுக்கென்று தனியாக இன்னொரு நகரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைக் கட்டியவனே அதற்குக் காவல். அவன் ஒரு கிழவன், வாசல்காரன். அட்டையில் இருக்கும் பெண்பிள்ளை, அந்தப் பக்கம் போன தன் தம்பியைத் தேடுகிறாள்.

கோர்ட் வழக்கப்படி பேய் சொன்னதையும் அவர் "நான்" என்றே சொல்வார். ஒரு நாள் ஓர் அம்மா ஆணி வாங்க வந்து நிற்கிறார். ஐயா சுவரைப் பார்த்தபடி, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், "நான் இந்த நகரத்திலுள்ள பிள்ளைகள் எல்லோரையும் தின்பேன்" என்கிறார். அந்த அம்மா ஆணியை மெதுவாகத் தராசிலேயே வைத்தார்.

"பயப்படாதீங்கம்மா, சொல்றது அவரில்ல, பேயி" என்றேன். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

வெளிநாட்டு ஊர்ப் பெயர் எனக்கு மனதில் நிற்காது. "ஐயா, அந்த ஸ்டேஷனைப் பேராதனைச் சந்தின்னு வச்சுக்கிட்டுச் சொல்லுங்களேன்" என்று கேட்டேன்.

"இடத்தை மாத்தினால் பொய்ச் சாட்சி. எனக்கு விசர் எண்டு நினைச்சீரோ?" இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. ஆள் அவ்வளவு நேர்மை.

முதல் பாகம், கதவு சாத்திக்கொண்டு பெண்பிள்ளை நடுவில் மாட்டியதோடு முடிந்தது. இரண்டாம் பாகத்துக்கு ஒரு வருசத்துக்கு மேல் காத்திருந்தோம். அது வந்த அன்று நல்ல மழை. புத்தகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு, தான் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். நான் சீமெந்துக்குக்கூட அப்படி மரியாதை செய்ததில்லை.

அந்த நேரத்தில்தான் என் நெஞ்சு மக்கர் பண்ணியது. இரத்தக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் ஆபத்து என்றார் டாக்டர். நான் முடியாது என்றேன். மனைவி அழுதாள். பிள்ளைகள் போனில் கெஞ்சினார்கள். கட்டத் தெரிந்தவனுக்கு உடைப்பதென்றால் என்ன என்றும் தெரியும். உடைத்த சுவரை ஒட்டவைத்தால் அது பழைய சுவர் ஆகாது. வெளியில் இப்படி வாதம் பேசினேன். உள்ளே பயம். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பதினொன்றாம் அத்தியாயம் முடிந்தது. கதவு இடிந்து விழப் போகிறது, பெண்பிள்ளை தம்பியோடு ஓடி வருகிறாள். அப்படியே ஐயா புத்தகத்தை மூடினார்.

"வழக்கு ஒத்திவைக்கப்படுகுது."

"எந்த நாளைக்கிங்க?"

"நீர் ஒப்பரேஷன் முடிஞ்சு கண் முழிக்கிற நாளைக்கு."

"ஐயா, இது அநியாயங்க."

"மேன்முறையீடு இருந்தால் டாக்டரிட்டச் சொல்லும்."

அவர் புத்தகத்தோடு போய்விட்டார். ஒரு வாரம் கதிரை காலி. வருகிற வாடிக்கையாளர்களில் யாருக்கு இங்கிலீஷ் வரும், யார் இந்தக் கதையை வாசித்திருப்பார்கள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக் கடதாசியில் கையெழுத்துப் போட்டேன்.

ஒப்பரேஷனை மத்தியானத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் கிடையாது, வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்கியது. பகல் பார்வை நேரத்துக்கு அப்படியே ஐயா வந்து நின்றார், கையில் புத்தகம்.

"ஒத்திவைச்ச வழக்கை அவசரமெண்டால் முன்னுக்கு எடுக்கலாம். சட்டத்தில இடமிருக்கு."

நின்றபடியே வாசித்தார். கதவு சரிகிறது. வாசல்காரன் ஓடிவந்து நெஞ்சைக் கொடுத்து முட்டுக் கொடுக்கிறான். பெண்பிள்ளையும் தம்பியும் அடியில் நுழைந்து தப்புகிறார்கள். அங்கே ஐயா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார், தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"போ பிள்ளை, கதவு நிற்கும். நான் கட்டினது. அப்படிச் சொல்லிப்போட்டு வாசல்காரன் உட்கார்ந்து சூடா ஒரு பிளேன் டீ குடிச்சான்."

வெளிநாட்டில் நம் ஊர்ப் பால் இல்லாத பிளேன் டீயா என்று கேட்க நினைப்பதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. நான் கட்டினது, நிற்கும் என்று சொல்லிக்கொண்டேதான் தியேட்டருக்குள் போனேன்.

நின்றது.

நாலாம் நாள், புசல்லாவைப் பக்கத்து நேர்ஸ் பிள்ளை ஒருத்தி என் மேசையில் ஐயா வைத்துவிட்டுப் போன புத்தகத்தைக் கண்டாள். "அங்கிள், நீங்களும் இது படிக்கிறீங்களா? பன்னெண்டாவது சாப்டர் வந்துட்டீங்களா? அந்த வாசல்காரத் தாத்தா நசுங்கிச் செத்துப் போறாருல்ல, நான் ரெண்டு நாளு சாப்பிடலங்க."

வாசல்காரன் செத்ததைவிட, அப்படியே ஐயா பொய் சொன்னார் என்பதுதான் எனக்கு நம்ப முடியவில்லை. பின்னேரம் வந்தவரிடம் நேராகக் கேட்டேன்.

"ஐயா, வாசல்காரன் இருக்கானா, செத்துட்டானா?"

முதல் தடவையாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஓம், செத்திட்டான். கோர்ட்டில முப்பத்திரண்டு வருசம், அதுக்குப் பிறகும், நான் மாத்திச் சொன்ன ஒரே பொய். கொலைகாரனுக்குக்கூட ஒரு சொல்லு மாத்திச் சொன்னதில்லை. உம்மைத் தள்ளிக்கொண்டு போகப்போற நேரம், அதை எப்பிடியப்பா வாசிக்கிறது?"

"அந்தப் பிளேன் டீ?"

"நீர் விடியத்தொடக்கம் ஒண்டும் குடிக்கேல்லை எல்லோ."

நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். நெஞ்சில் தையல் இருக்கும்போது அழக் கூடாதாம், இழுக்கும்.

அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல். மீதிப் பதினெட்டு அத்தியாயத்திலும் அவன் இல்லை. எங்கள் கதையிலோ இருக்கிறான். சாகடிக்கலாமா என்று ஐயா கேட்டார். விடமாட்டேன் என்றேன். ஆகவே கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அத்தியாயத்திலும் வாசல்காரனுக்கு ஒரு வேலை கொடுத்தோம். பேச்சு ஐயாவுடையது. கதவுக்கு எந்தக் கீல், எத்தனை அங்குலத் திருகாணி, சுவரில் எந்தப் பக்கம் விரிசல் விடும் என்பதெல்லாம் என்னுடையது. எல்லாவற்றையும் ஐயா புத்தகப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தார். கடைசிப் போரில் பேய்களை அடக்கியது அந்தப் பெண்பிள்ளை இல்லை, வாசல்காரன் சரியாகப் போட்ட கொங்கிரீட்.

அப்படியே ஐயாவை இப்போது மகள் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் பாகம் வந்தால் போனில் சொல்கிறேன் என்றிருக்கிறார். எழுந்து நின்றுதான் சொல்வாராம்.

அந்தக் கதையை எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. அவர் கொன்ற கிழவன் கண்டியில் உயிரோடு இருக்கிறான். அவனைக் காப்பாற்றியவர்களின் பெயரைப் புத்தகத்தில் போடத்தான் வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மேலே அப்படியே ஐயாவின் பெயர், பெரிய எழுத்தில். கீழே என் பெயர். சின்ன எழுத்தானாலும் பரவாயில்லை, அவருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.