ஆளில்லாத வீட்டிலிருந்து மாமா எழுதுவது

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அங்கு நீங்களும், என் மகளும், பிறந்து நாற்பது நாளான பேத்தியும், பேத்தியைப் பார்க்க வந்த சந்தோஷத்தில் என்னை மறந்துவிட்ட உங்கள் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, நான் இங்கே இருக்கிறேனா என்பதே இப்போது விவகாரமாகக் கிடக்கிறது. உங்கள் கம்பெனி எங்கள் கட்டடத்தில் பொருத்தியிருக்கும் கருவியின் கணக்குப்படி இந்த வீட்டில் பத்தொன்பது நாளாக ஆள் இல்லை.

பொருத்திய அன்று நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மாமா, இது மனுஷங்களுக்காகவே செஞ்சது. ஆள் இருந்தா எரியும், இல்லாட்டி தானா அணைஞ்சிடும். மின்சாரமும் தண்ணியும் பேரப்பிள்ளைங்களுக்கு மிச்சம்" என்றீர்கள். கேட்கவே நன்றாக இருந்தது. சிக்கனத்துக்கு நான் விரோதி இல்லை. இந்தக் கடிதத்தையே பழைய புரூஃப் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் ஒரு தாவரவியல் புத்தகத்தின் 212ஆம் பக்கம் தெரியும், அதில் ஆறு பிழை பிடித்திருக்கிறேன். உங்கள் அத்தை இருந்தவரை கருவியும் ஒழுங்காகத்தான் இருந்தது. அவள் ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நானோ நாற்பத்தொரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். பிழை தேடுகிறவனுக்கு அசைவது கண் ஒன்றுதான். அந்த அசைவு, கூரையில் உங்கள் கருவியின் கண்ணாக இருக்கும் வெள்ளை வட்டத்துக்குப் போதவில்லை.

அவள் ஊருக்குப் போன அன்று நான் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடம் விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. கையைத் தூக்கி ஆட்டினேன், எல்லாம் வந்தது. இப்படிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டியதில், எதிர் ஜன்னல் தையல்கார அம்மா தனக்குத்தான் கை காட்டுகிறேன் என்று நினைத்து அவரும் காட்டத் தொடங்கினார். காட்டியவருக்குத் திருப்பிக் காட்டாவிட்டால் மரியாதை இல்லை என்று நானும் காட்ட, ஒரு பக்கம் படிக்க ஒரு மத்தியானம் ஆனது. சரி, நமக்கும் மூளை இருக்கிறதே என்று மேஜை ஃபேனுக்கு எதிரே ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். துண்டு ஆடிய ஆட்டத்தில் உங்கள் கருவி மிரண்டுபோய், 'வீட்டில் அளவுக்கு மீறிய நடமாட்டம்' என்று உங்கள் மனைவிக்குச் செய்தி அனுப்பிவிட்டது. "அப்பா, அங்க யாரு ஓடுறாங்க? அம்மா இல்லாத நேரம் பாத்து யாரைக் கூப்பிட்டு வச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்ட கேள்விக்கு, "துண்டும்மா" என்று உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. துண்டை அவிழ்த்துவிட்டேன். மறுபடி நான் இல்லாமல் போனேன்.

அடுத்த நாள் நடந்ததை மாப்பிள்ளையிடம் சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு மணி நேரம் படித்துவிட்டுக் குளிக்கப் போனேன். இரண்டு மணி நேரம் ஆள் அசையாத வீட்டுக்குத் தண்ணீரை மூடிவிடும் ஏற்பாடு இருப்பது, வாளியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் நனைந்து தலை முதல் கால் வரை சோப்புப் போட்ட பிறகுதான் தெரிந்தது. துண்டோடு கூடத்துக்கு வந்து வெள்ளை வட்டத்தின் கீழே குதித்துப் பார்த்தேன். ஆள் இருப்பதை ஒப்புக்கொண்டு தண்ணீர் விட அதற்குப் பதினைந்து நிமிடம் ஆகுமாம். கண்ணெல்லாம் எரிய, தையல்கார அம்மாவிடம் ஒரு குடம் கேட்கலாம் என்று கதவைத் திறந்தேனோ இல்லையோ, ஆளில்லாத வீட்டிலிருந்து ஒருவன் வெளியே வருவதாக வாட்ச்மேன் போன் அலறியிருக்கிறது. தடியோடு ஓடி வந்தார்.

"யாருய்யா நீ?"

"நான்தான்யா, மூணாவது மாடி!"

"சாரா? சார், உங்க வீட்ல யாருமே இல்லன்னு போட்டிருக்கே."

"அதான் முன்னாடி நிக்கிறேனே!"

"நிக்கிறீங்க சார். ஆனா இதுல இல்லையே."

எட்டு வருடமாகத் தினமும் எனக்குக் கதவு திறந்துவிடுகிறவர், என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போன் பக்கமே சாய்ந்தார். கடைசியில் தையல்கார அம்மா வந்து, "அவரேதான். எனக்குத் தினமும் கை காட்டுவாரே" என்று சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியை உங்கள் அத்தையிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

இதுவரை எழுதியது சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதி. இனிமேல் எழுதுவது அப்படியல்ல. என் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், பூகோள டீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், தனி ஆள், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அசையக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அசையாதவர் இல்லாதவர் என்பது உங்கள் கருவியின் உத்தரவு. வேலைக்கு வரும் அம்மா காலையில் ஒரு மணி நேரம் நடமாடுவதை, காலி வீட்டைப் பெருக்க வந்தவர் என்று அது எடுத்துக்கொண்டது. அந்த மாடியின் இன்னொரு வீடு ஏற்கெனவே பூட்டிக் கிடப்பதால், இரண்டாம் மாடியிலேயே ஆளில்லை என்று முடிவு கட்டி, லிஃப்ட் அங்கே நிற்பதையே நிறுத்திவிட்டது. போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய டீச்சர் சக்கர நாற்காலியில் காத்திருக்க, லிஃப்ட் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நாற்காலியோடு படியில் தூக்கி இறக்கினோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் வாட்ச்மேன், பின்னால் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மின்சாரச் சிக்கனத்தில் நம் கட்டடம்தான் முதலிடம் என்று அன்று காலைதான் அவர் அறிவிப்பு ஒட்டியிருந்தார். "இந்த மிச்சத்துல பாதி டீச்சரோட இருட்டு சார்" என்றேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தார்.

டீச்சரின் அறைக்குப் பகலிலும் விளக்கு வேண்டும். அதனால் அவர் ஜன்னல் இருண்டால் யார் கண்ணில் பட்டாலும் உடனே போய்க் கையை வீச வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. போனவர் திரும்பிய பத்தாவது நிமிடம் மறுபடி அணைகிறது என்பதால், ஆளாளுக்கு அரை மணி அங்கேயே இருந்துவிட்டு வருகிறார்கள். தையலும் நின்றுபோகிறது, வாசல் காவலும் நின்றுபோகிறது. இப்படி எத்தனை நாள் ஓட்டுவது?

வெள்ளிக்கிழமை அதிகாரிகளை இங்கே அழைத்து வந்து, இன்னும் நாற்பது கட்டடத்துக்கு இதே கருவிக்கு ஒப்புதல் வாங்கப்போகிறீர்கள் என்று அறிந்தேன். நாற்பது கட்டடத்தில் எத்தனை டீச்சர் படுத்திருப்பார்கள்? எங்கள் தொழிலில், தவறுதலாகக் கோடு போட்டு அடித்துவிட்ட சொல்லை மீட்க அதன் கீழே புள்ளி வைப்போம். 'அப்படியே இருக்கட்டும்' என்று அர்த்தம். நீங்கள் அடித்துவிட்ட எங்களுக்குக் கீழே புள்ளி வையுங்கள். முதலாவது, படுக்கையருகே ஒரு பொத்தான். 'இருக்கிறேன்' என்று ஆள் அழுத்தினால் விளக்கும் ஃபேனும் அணையவே கூடாது. அடுத்தது, ஒரு விரல் அழுத்தினால் லிஃப்ட் அந்த விரலை நம்ப வேண்டும். தண்ணீரை மூடும் முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். செய்யாவிட்டால், அதிகாரிகள் அத்தனை பேரையும் என் கூடத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்வேன். அவர்களுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இருக்காது. மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்க மாட்டேன். இது உறுதி.

குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், இருட்டில் கை வீச வேண்டிய நிலை வராமல், நூறாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா
(இருக்கிறேன்)

பின்குறிப்பு: உறையில் போடும் முன் கீழே போய் டீச்சருக்கு இதை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. லிஃப்ட், தண்ணி, ஃபேன் எல்லாத்தையும் சரி பண்ணச் சொல்லுங்க. இந்த லைட்டை மட்டும் விட்டுடச் சொல்லுங்க" என்றார். ஏன் டீச்சர் என்றேன். "பதினோரு வருஷமா இந்த வீட்ல லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுது. ஒருத்தரும் வந்ததில்ல" என்றார். பதினோரு வருடமும் ஒரே ஒரு மாடி மேலே இருந்தவன் நான்தான். ஆகவே மாப்பிள்ளை, முதல் கோரிக்கையில் 'விளக்கும்' என்பதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளவும். நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் அப்போதே விளக்கு அணைந்துவிட்டது. நான் கையைத் தூக்கப் போனேன். "சும்மா இருங்க. யாராவது வருவாங்க" என்றார்.

வந்தார்கள்.