நைட்டிக் குவியலில் படுத்தவன்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நைட்டி விற்கிற பாய். நைட்டி வாங்க வந்த ஒரு டீச்சரம்மா. என் தங்கை தனம். பிறகு வந்து சேர்ந்த அவள் புருஷன் ஏழுமலை. வேடிக்கை பார்த்த கும்பல். கடைசியாக நான், அபிஷேகப்பாக்கம் கலியபெருமாள். எனக்குத் தெரிந்து இவர்களில் குடிப்பழக்கம் உள்ளவர் ஏழுமலைதான். அவரும் அன்றைக்குக் குடிக்கவில்லை. முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

நான் சாராயம், பிராந்தி, பீர் எதையும் தொட்டதில்லை. புதுச்சேரியில் இருந்துகொண்டு இது சுலபமில்லை. (பால் வாங்கப் போகிற வழியிலேயே மூன்று சரக்குக் கடை.) மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் பாரீசு போய் இரண்டு மாதம் இருந்தோம். சம்பந்தி தினமும் ஒயின் ஊற்றி நீட்டுவார். தினமும் தண்ணீர் குடித்தேன்.

போவதற்கு முன்னால் ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். தனத்துக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த குழந்தை. அதற்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஏழுமலையைப் பார்த்து நாலு பேர் நடுவில் சொன்னேன்:

"குடிக்கறவன் ஒருத்தன் அந்த எடத்துல நின்னாலும் கொழந்தைய நான் மடியில வாங்கமாட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

காதுகுத்துக்காக நான் மட்டும் முன்னால் திரும்பினேன். விமானத்தில் தூக்கமில்லை. வீட்டுக்கு வந்தும் விடிய விடிய முழித்துக் கிடந்தேன். விடிந்த பிறகு கண் சொருகியது. அப்போது பார்த்துத் தனம் வந்து நின்றாள்.

"ண்ணா, நாளைக்கிக் காதுகுத்து. சண்டே மார்க்கெட்ல சீர் சாமான் வாங்கணும். நீ இன்னா படுத்துக்கினு கெடக்கற?"

பஸ் ஏறிப் போனோம். காந்தி வீதி முழுக்கக் கடை. கடை முழுக்க ஆள். 'எது எடுத்தாலும் நூறு' என்று பத்துப் பக்கத்திலிருந்தும் ஸ்பீக்கர். இங்கே வெயில் ஏறிவிட்டது. என் தலைக்குள் இன்னும் பொழுது விடியவில்லை. தட்டு வாங்கினோம். வளையல் வாங்கினோம். "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் தனம் பாவாடைத் துணி பேரம் பேசப் போனாள்.

நின்றேன். எதிரே நைட்டி மலைபோல் குவிந்திருந்தது. பூப்போட்ட பருத்தி நைட்டி. அவ்வளவு மெத்தென்ற பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றியது ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் இல்லை.

மற்றது பாய் சொல்லித் தெரியும். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்த பெண்கள் குவியலைப் புரட்டிப் புரட்டி என்மேலேயே போட்டு மூடிவிட்டார்கள். டீச்சரம்மா ஒரு நீல நைட்டியைப் பிடித்து இழுத்தார். நைட்டியோடு என் கை வந்தது.

அவர் போட்ட சத்தத்தில் வீதியே திரும்பியது.

"இன்னாய்யா இது, உள்ள ஆம்பள கெடக்கறான்!"

"காலங்காத்தாலயே ஏத்திக்கினான் போல."

"கடலூர்க்காரனா இருப்பான். அங்கேர்ந்து வந்துதான் இங்க ஊத்திக்கறானுவ."

இரண்டும் பொய். நான் குடிக்கவும் இல்லை, கடலூரும் இல்லை. எதற்கு முதலில் கோபப்படுவது?

பாய் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்து முகத்தில் பீச்சினார். "ஐயா, எழுந்திரிங்க. யாவாரம் கெடுது."

மகள் வீட்டில் இருப்பதாக நினைத்தேன். பாரீசு ரயிலில் யாரையாவது இடித்துவிட்டால் சொல்வதற்கு அவள் ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்திருந்தாள். வாயில் அதுதான் வந்தது.

"பர்தோன்."

"பார்ரா, மப்புல இங்கிலீஷு வேற," என்றான் ஒருவன்.

(அது பிரெஞ்சு. புதுச்சேரியில் நின்றுகொண்டு அதுகூடத் தெரியவில்லை அவனுக்கு.)

எழுந்தேன். கால் நிற்கவில்லை. "நான் குடிக்கல" என்றேன். நாக்கு புரளவில்லை. குடித்தவன் முதலில் சொல்வதும் அதைத்தான் என்று அப்புறம்தான் உறைத்தது.

தனம் ஓடிவந்தாள். "ஐயோ ண்ணா, நீயுமா?"

"டைம் மாறிப்போச்சு தனம். அங்க இப்பதான் விடியுது."

"எங்க விடியுது? வெயிலு மண்டையப் பொளக்குது!"

அழுதுகொண்டே புருஷனுக்குப் போன் போட்டாள். ஏழுமலை பைக்கில் வந்தார். வெள்ளைச் சட்டை. நெற்றியில் விபூதி. கைத்தாங்கலாக என்னைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். அவர் முதுகில் சாய்ந்து தூங்கினேன். தவளக்குப்பம் சந்திப்பில் வண்டி நின்றபோது விழித்தேன். பக்கத்தில் எங்கள் ஊர் பஸ். ஜன்னலெல்லாம் தெரிந்த முகம்.

"ஒண்ணுமில்லபா. மச்சானுக்கு ஒடம்பு சரியில்ல," என்றார் ஏழுமலை. அவருக்காகத் தனம் இத்தனை வருடமாகச் சொல்லிவருகிற அதே வார்த்தை.

சாயங்காலம் சேதி தெரிந்து பாரீசிலிருந்து மனைவி வீடியோ காலில் வந்தாள். "இங்க நல்லவனாட்டம் தண்ணி குடிச்சிக்கினு இருந்தது இதுக்குத்தானா?" என்றாள். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காதுகுத்து. ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். நான் மணையில் உட்காரப் போனேன். தனம் தடுத்தாள்.

"நீ சொன்ன பேச்சுதான. ஊது."

நாலு பேர் நடுவில் ஊதினேன். இட்லி வாசனைதான் வந்தது. அப்படியும் அவள் முகம் தெளியவில்லை. அப்போது ஏழுமலை முன்னால் வந்தார்.

"வுடு தனம். எந்த மனுசனும் ஒருநாள் தவறுவான். மன்னிச்சிடலாம்."

எல்லாரும் தலையாட்டி என்னை மணையில் உட்காரவைத்தார்கள். மன்னிப்பு! அவர், எனக்கு! எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அதற்குள் குழந்தை தானாக வந்து மடியில் ஏறிவிட்டது. அதை எப்படி இறக்கிவிடுவது? போட்டோ இருக்கிறது. ஆசாரி குத்துகிறார். குழந்தை வாயைத் திறந்து அழுகிறது. நானும் வாயைத் திறந்திருக்கிறேன். தூங்குகிறேன்.

பந்தல் பிரிக்கும்போது ஏழுமலையைத் தனியாகப் பிடித்தேன். "மாப்ள, நெஜத்தச் சொல்லுங்க. நான் குடிச்சிருந்தனா?"

"இல்ல மச்சான். அங்க வந்ததுமே தெரிஞ்சிபோச்சு. செருப்பு ரெண்டும் ஜோடியா, நேரா இருந்துச்சி. குடிச்சவன் அப்படி வெச்சிட்டுப் படுக்கமாட்டான்."

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்றதுதான?"

சிரித்தார். "இத்தினி வருசமா இந்த வூட்ல நான் ஒருத்தனே இருந்தேன் மச்சான். இப்பதான் தொணைக்கு ஒரு ஆளு."

இப்போது எங்கள் வீட்டில் யார் தள்ளாடி வந்தாலும் 'பாரீசு டைம்ல வந்துட்டான்' என்கிறார்கள். ஏழுமலையே அடிக்கடி பாரீசு டைமில் வருகிறார். என்னால் ஒரு வார்த்தை கேட்க முடிவதில்லை. எனக்கு வந்ததற்கு ஜெட்லாக் என்று பேர் இருப்பதாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். 'அது எந்தக் கடைல கெடைக்குது?' என்கிறார்கள்.

ஊர், உறவு, சம்பந்தி, கட்டின மனைவி எல்லாரையும் சேர்த்து, நான் அன்றைக்குக் குடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்பவர்கள்:

ஒருவர்.