தங்கத்தாள் உடுத்திய அவகாடோ

"மரம் என்ன படிச்சிட்டா வளருது? அதை வளக்க நீ எதுக்குப் படிக்கிற?"

நான் தோட்டக்கலை டிப்ளோமாவில் சேர்ந்த வாரம் என் அத்தை கேட்ட கேள்வி இது. கேட்ட இடம் சிங்கப்பூர் தேக்கா சந்தை, கீரைக்கடை வாசல். கீரைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். (வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்தியது வேறு விஷயம்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா சாங்கி விமான நிலையத்தில் சரக்குகளுக்குப் பொட்டலம் கட்டுகிறார். அம்மா கல்யாண வீடுகளுக்குச் சீர்த்தட்டு அலங்கரித்துக் கொடுக்கிறார். இருவரும் தத்தம் தொழிலில் புலிகள். நான் டிப்ளோமா வாங்கியதும் மூன்றாவது புலியானேன். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யார் வீட்டுக் கறிவேப்பிலை வாடினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போவேன்.

என் பெருமைக்கெல்லாம் சாட்சியாகக் காரிடாரில் நின்றது ஓர் அவகாடோ மரம். படிப்பின் முதல் ஆண்டில் தின்ற பழத்தின் விதையை முளைக்கவைத்து வளர்த்தது. அதன் ஒவ்வொரு வியாதியையும் நானே தீர்த்திருக்கிறேன். இலை நுனி கருகியபோது, உரத்தின் உப்பு மண்ணில் சேர்ந்துவிட்டது என்று கண்டுபிடித்து, தொட்டியின் அடி ஓட்டை வழியாக வழிந்தோடும்வரை தண்ணீர் விட்டுக் கழுவினேன். பிற்பகல் வெயில் இலையைச் சுட்டபோது அம்மாவின் பழைய ஜன்னல் துணியைக் கட்டினேன். மரம் என் தோளைத் தாண்டியது. அங்கேதான் சிக்கல். வேர் தொட்டிக்குள் சுருண்டு இடமில்லாமல் தவித்தது. பெரிய தொட்டி வைத்தால் காரிடாரில் வழி அடைபடும், வைக்கக்கூடாது. தரையில் நட்டாக வேண்டும், இல்லையென்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் வெயில் நன்றாக விழும் ஒரு மூலை காலியானது. அதற்குப் போட்டி இரண்டு பேர்: என் அவகாடோ, மிஸ்டர் ஓங்கின் பப்பாளி. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் செடியோடு வந்து, அதை எப்படிப் பராமரிப்போம் என்று எல்லார் முன்னாலும் பேசவேண்டும். தோட்டக் குழு அங்கேயே முடிவு சொல்லும்.

அதற்கு ஒரு வாரம் இருக்கையில் நான் வேலை முடிந்து வந்தால், காரிடாரில் மரத்தைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு மணப்பெண் நின்றது. தொட்டியைச் சுற்றித் தங்கத்தாள், அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக், இடுப்பில் சிவப்பு ரிப்பன், மண்ணே தெரியாதபடி வெள்ளைக் கூழாங்கல்.

"நாலு பேர் பாக்குற எடத்துக்குப் போவுது. அழுக்குச் சட்டியோடவா அனுப்புறது?" என்றார் அம்மா.

அப்பா தன் பங்குக்குத் தொட்டியின் அடியைக் காட்டினார். ஓட்டைகளை அடைத்து, குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டியிருந்தார். "அடியில ஒழுகிட்டே இருந்துச்சு மா. ஒழுகுற பொட்டலத்தை எவனும் ஏத்த மாட்டான்." பிறகு டேப்பைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, வேலை முடிந்தால் அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "இனி பறக்கலாம்."

அவகாடோ வேருக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கவே கூடாது என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? நான் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். மூன்று கோணத்தில்.

சில நாளில் இலைகள் தொங்கின. தாகம் என்று தீர்மானித்து ஒரு குவளை ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கின. இரண்டு குவளை ஊற்றினேன். அம்மா தன் பங்குக்கு அரிசி கழுவிய தண்ணீர் விட்டார். அப்பா அதிகாலை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு போத்தல். வாடினால் தண்ணீர் விட வேண்டும் என்பது அத்தைக்கே தெரியும். அந்த வாரம் அத்தைக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரிந்திருந்தது. இத்தனைக்கும், ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறுகையில் அட்டையை வைத்து என் உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். உரையின் முதல் வரி: "தண்ணீர் விடும் முன் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா மரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்தார். அத்தை வடை டப்பாவோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அஜீரணம் பிடித்த மணப்பெண் போல மரம் தலை கவிழ்ந்து நின்றது. பக்கத்தில் மிஸ்டர் ஓங்கின் பப்பாளி, ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் டப்பாவில், வெட்கமே இல்லாமல் செழித்திருந்தது.

நான் தமிழும் ஆங்கிலமும் கலந்து முழங்கினேன். முதல் வரிக்குச் செயல்விளக்கம் காட்டக் கூழாங்கல்லை ஒதுக்கி விரலை விட்டேன். பாயசத்துக்குள் போவதுபோல் போனது. விரல் முடிந்த பிறகும் மணிக்கட்டுவரை போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே ஒரு வாடை எழுந்தது. சாக்கடையும் அழுகிய முட்டைக்கோஸும் சம்பந்தம் பேசிய வாடை. "பார்த்தீர்களா, நல்ல ஈரம்" என்று சிரித்தேன்.

முன்வரிசையில் குழுத் தலைவி ஜமீலா ஆன்ட்டி. ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி, வெள்ளைக் கேன்வாஸ் காலணி. டெங்கி பரவும் காலத்தில் கையில் டார்ச்சோடு வீடு வீடாகப் போய்ப் பூத்தொட்டித் தட்டுகளைச் சோதிக்கும் தொண்டர். அவர் சட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். தாளும் பிளாஸ்டிக்கும் பக்கவாட்டில் கிழிந்தன. தொட்டி விளிம்பில் வழிந்து உறைக்குள் தேங்கியிருந்த ஒரு வாரத் தண்ணீர் மொத்தமும் அந்த வெள்ளைக் காலணிமேல் கொட்டியது.

ஆன்ட்டி கோபப்படவில்லை. குனிந்தார். பட்டப்பகலில் கைப்பேசி விளக்கைப் போட்டார்.

"தேவி, இது என்னம்மா நெளியுது?"

கொசுப்புழு. சிங்கப்பூரில் எதை வேண்டுமானாலும் நாலு பேர் முன்னால் கொட்டலாம், இதை மட்டும் கொட்டக்கூடாது. மொத்தக் கூட்டமும் ஓரடி பின்வாங்கியது. மிஸ்டர் ஓங் தன் பப்பாளியையும் இழுத்துக்கொண்டு பின்வாங்கினார். அப்பாவின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது. "டேப் பிரியல."

நான் உரை அட்டையில் அடுத்த வரியைத் தேடினேன். அப்போது அத்தை எழுந்து முன்னால் வந்தார். வடை டப்பாவை அம்மாவிடம் கொடுத்தார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"படிச்சது இவ்வளவுதானா, மிச்சம் இருக்கா? இருந்தா செய்."

இருந்தது. அட்டையைக் கீழே போட்டேன். புழுத் தண்ணீரை வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் பரப்பித் துடைப்பத்தால் தேய்த்தேன். தாள், பிளாஸ்டிக், ரிப்பன் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். (டேப்பை மட்டும் அப்பாதான் பிரிக்க முடிந்தது.) மரத்தை வெளியே எடுத்தபோது வேரில் பாதிக்குமேல் கறுத்துக் குழைந்திருந்தது. அழுகிய வேரால் தண்ணீர் குடிக்க முடியாது, அதனால்தான் இலை வாடியது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் செத்துக்கொண்டிருந்த மரத்துக்கு நான் மேலும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் என்று எல்லாருக்கும் விளக்கினேன். கறுத்ததைக் கத்தரித்தேன். வெள்ளையாக, உறுதியாக ஒரு கைப்பிடி வேர் மிஞ்சியது. அந்தச் சிறிய வேர் அத்தனை இலையைத் தாங்காது என்பதால் மேலேயும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தேன். காலி மூலையில் பருமணலும் மரப்பட்டைத் துண்டும் கலந்து மேடு கட்டி, அதன்மேல் நிறுத்தினேன். மேட்டில் தண்ணீர் தேங்காது.

நிமிர்ந்து பார்த்தால் ஒருவர்கூடப் போகவில்லை. ஓரடி பின்வாங்கியவர்கள் நாலடி முன்னால் வந்திருந்தார்கள். ஒருவர் தன் வீட்டு எலுமிச்சை மஞ்சளாவதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டார். மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தை எனக்கு முன்னால் பதில் சொன்னார், "வெரலை வுட்டுப் பாத்தீங்களா?"

குழு முடிவைச் சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. மிஸ்டர் ஓங் தானே பப்பாளியை வேலியோரம் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஜமீலா ஆன்ட்டி ஈரக் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சொன்னார்: "ஆபரேஷன் பண்ண நோயாளியை இனி எங்க தூக்கிட்டுப் போறது? இங்கயே இருக்கட்டும் லா. ஆனா வாராவாரம் டார்ச்சோட வருவேன்."

வந்தார். இப்போதும் வருகிறார்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எந்தப் பொட்டலத்தைக் கட்டினாலும் யாராவது ஒருவர், "அடியில ஓட்டை போட்டாச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை. பிறந்தநாள் கேக் பெட்டியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் அம்மா இழைத்து இழைத்துச் செய்த சீர்த்தட்டைப் பார்த்து அப்பா கேட்டுவிட்டு, அன்று முழுவதும் அம்மாவிடம் பேச்சு வாங்கினார்.

மரம் இப்போது என்னைவிட உயரம். ஆனால் விதையில் வந்த அவகாடோ காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும், காய்க்காமலும் போகலாம். காய்க்கிற மரத்தின் குச்சியை இதில் ஒட்டுக்கட்டினால் சீக்கிரம் பலன் கிடைக்கலாம் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். அடுத்த வாரமே அத்தை, சாங்கிப் பக்கம் தன் தோழி வீட்டில் காய்க்கும் மரத்திலிருந்து குச்சிகளை வெட்டி, ஈரத்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

போன சனிக்கிழமை காலை ஒட்டுக்கட்டினேன். குச்சியை ஆப்புபோல் சீவிக் கிளையின் பிளவில் பொருத்தியதும் அப்பாவைக் கூப்பிட்டு, ஒட்டுக்கட்டும் டேப்பைக் கையில் கொடுத்தேன். அப்பா தயங்கினார்.

"ஓட்டை வேணுமா மா?"

"வேணாம்பா. இது ஒழுகவே கூடாது. சொட்டுத் தண்ணி உள்ள போகக்கூடாது."

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். அத்தை கிளையைப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சுற்று முடிந்ததும் அப்பா அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.

"இனி பறக்கலாம்."