வேலையில்லாதவர் எவருமில்லாத கிட்வாய் நகர்

கிட்வாய் நகர், புது டெல்லி
அக்டோபர் 1978

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவேணி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணன், மதினி, குழந்தை எல்லாரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே இன்னும் குளிர் இறங்கவில்லை. பஞ்சுப் போர்வை ரஜாயை மட்டும் வெயிலில் காய வைத்திருக்கிறோம்.

முதலில், கணக்கெடுப்புக்காகக் கேள்வி கேட்ட அன்று வேணு அத்தானிடம் நான் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். "நீங்கள் சொல்வது சரியில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்று நான் சொல்லவில்லை. "என் முன்னால் வெட்கப்பட என்ன இருக்கிறது" என்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு பேனாவை மூடிவிட்டேன். அதற்கப்புறம்தான் உங்கள் கடிதம் வந்தது.

கடிதத்தோடு பத்திரிகைத் துண்டு ஒன்றையும் வைத்திருந்தீர்கள். டெல்லியில் வேலையில்லாதவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள், பொருளாதாரம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. பரீட்சைப் பேப்பரில் தப்பைக் கண்டுபிடித்த ஹெட்மாஸ்டர் மாதிரி சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு இழுத்து, "ஊரு பூராம் வேலை பாக்கான், எம் மவன் ஒருத்தன் மட்டும் அங்கன என்ன செய்யுதான்? தீபாவளி கழிஞ்சதும் புறப்பட்டு வரச் சொல்லு, தீப்பெட்டி ஆபீசுல கணக்கு எழுத ஆள் கேக்காங்க" என்று எழுதியிருந்தீர்கள். அத்தான் அதைப் படித்துவிட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பால் பூத்துக்குப் போய்விட்டார். சாயங்காலப் பால் வர அப்போது இன்னும் நேரமிருந்தது.

மாமா, அந்தப் பத்திரிகைத் துண்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் ஒரு பகுதியை எடுத்தவள் நான்.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அத்தை நான் சென்சஸ் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது சென்சஸ் இல்லை; வீடு வீடாகப் போய், கடந்த ஏழு நாளில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதும் தற்காலிக உத்தியோகம். எங்கள் டெபுடி டைரக்டர் ராமமூர்த்தி சாருக்கு ஒரு யோசனை தோன்றியது. கிட்வாய் நகரிலும் மோதி பாக்கிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, ஹிந்தியில் கேட்டால் பாதி சொல்லிப் பாதி விழுங்குகிறார்கள், தமிழ்ப் பெண்ணாகப் பார்த்து அனுப்பினால் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று நினைத்தார். அவர் நல்ல மனிதர். அந்த யோசனை எங்கே போய் முட்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மோதி பாக்கில் முதல் வீடு மாணிக்கவாசகம் சாருடையது. அவர் மகன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறான் என்பது அந்த பிளாக்கில் கறிகாய் விற்கிற பையாவுக்குக்கூடத் தெரியும். அவனுடைய அம்மா என்னை உட்கார வைத்து, தட்டில் முறுக்கு வைத்து, "அவன் பிரைவேட்ல இருக்காம்மா" என்றார்கள். எந்தப் பிரைவேட் என்று கேட்டேன். "பெரிய பிரைவேட்" என்றார்கள். உள்ளே ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை ஓடுகிறது, யாரோ அவுட்டாகி, "சே" என்று மகனின் குரல் கேட்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்பினேன். "இன்னைக்கு அவங்க கம்பெனி லீவு" என்றார்கள். அப்புறம் குரலை இறக்கி, "நீ வீடு வீடா போறவ, நல்ல குடும்பமா, பொண்ணு சிவப்பா இருந்தா நம்ம பையனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லி வை" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கெடுப்பவள் என்று என்னை ஒருவரும் நினைக்கவில்லை. நான் இந்த வீட்டிலிருந்து எழுந்து அடுத்த தமிழ் வீட்டுக்குப் போகிறவள். அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். ஒரு பஞ்சாபிக்காரி வந்து கேட்டிருந்தால் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லி அழுதிருப்பார்கள்.

அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் இதே கதைதான் மாமா, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பலகாரம், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே எங்கள் பிளாக்கிலேயே சேஷன் என்று ரிட்டையரான அதிகாரி இருக்கிறார், பெரிய மகனுடைய குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கிறார், சின்ன மகன் வைத்தி எம்.ஏ. சேஷனைக் கேட்டேன். "வைத்தி கன்ஸல்டிங் பண்றான், அப்படியே போட்டுக்கோ" என்றார். யாருக்கு ஆலோசனை சொல்கிறான் என்று கேட்பது என் கடமை, கேட்டேன். சேஷன் மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்போதைக்கு எனக்கு" என்றார். வைத்தி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். "அப்பா கேக்கறதே இல்லை" என்றான்.

இவர்கள் இப்படி என்றால், ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் கருப்பசாமி என்று சுமை தூக்குகிற ஒருவர், சேலத்துக்காரர், அவர் தலைகீழ். "அந்த வாரத்துல ஒரு நாள்தாம்மா லோடு கெடைச்சுது, அதுவும் மத்தியானத்தோட முடிஞ்சிருச்சு. மிச்ச நாளெல்லாம் சும்மா குந்திக்கிட்டுத்தான் இருந்தேன். வேலையில்லைன்னே எழுதுங்க" என்றார். எங்கள் விதி என்னவென்றால், அந்த ஏழு நாளில் ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை, பேரம் பேசினார். "சரி, பாதியாவது எழுதுங்க" என்றார். பாதி எழுத இடமில்லை மாமா. மோதி பாக்கில் காமாக்ஷி என்று எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண் இருக்கிறாள். நான்கு வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்து, இப்போது தேடுவதையே விட்டுவிட்டாள். தேடாதவர் வேலையில்லாதவர் ஆகமாட்டார். அவளை இரண்டு பக்கத்திலும் சேர்க்காமல் வெளியே எழுத வேண்டும், எழுதினேன். இப்படியாக இல்லாத வேலையைச் சொன்னவர்கள் எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள், வேலையில்லை என்று சொன்னவரும் வேலையில் இருக்கிறார், தேடித் தேடி ஓய்ந்தவள் கணக்கிலேயே இல்லை, பொருளாதாரம் கன்னம் மினுமினுக்க ஆரோக்கியமாக உட்கார்ந்திருக்கிறது.

கடைசியில் எங்கள் வீடும் பட்டியலில் வந்தது. சொந்த வீட்டை நானே எடுக்கலாமா என்று ராமமூர்த்தி சாரைக் கேட்டேன். "ஒரு வீட்டுக்காக இன்னொருத்தரை டி.டி.சி. பஸ்ஸில் ஏற்றி அனுப்பணுமா? நீ எப்படியும் அங்கேதானே போறே" என்றார். ஆக, சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில், எங்கள் பிரம்பு நாற்காலியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தேன். மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு டபராவில் காபி கொண்டுவந்து வைத்தாள். வேணு அத்தான் எதிரே வந்து உட்கார்ந்தார், தலையை வாரியிருந்தார்.

"பெயர்?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்."

"நான் கேட்கணும்."

"வேணு. தகப்பனார் சிவஞானம். போன ஜென்மத்து விவரமும் வேணுமா?"

மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உள்ளே போய்விட்டாள். அதுவரைக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. கடந்த ஏழு நாளில் என்ன வேலை செய்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன். அத்தான் வாசலைப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. பிறகு காபியைப் பார்த்தார்.

"டைப்பிங்," என்றார். "சொந்தமா."

"யாருக்கு டைப் அடிக்கிறீர்கள்?"

"வர்றவங்களுக்கு."

அவர் டைப் அடிப்பது உண்மை. தமிழ்ச் சங்கத்து மெஷினில், செயலாளரிடம் கெஞ்சி, தன்னுடைய விண்ணப்பங்களைத்தான் அடிக்கிறார். வேறு ஒருவருக்கும் அடித்ததில்லை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்த இருவர் நடுவில் அந்தக் காகிதம் கிடந்தது. வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கேட்டது நான் என்பதால் சொல்லவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பதில் சொல்பவரோடு வாதாடக் கூடாது என்பது எங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. அதன்படி நடந்தேன். ஆனால் ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன். ராமமூர்த்தி சார் என் படிவக் கட்டைப் புரட்டிவிட்டு, "பிரமாதம் அம்சவேணி, உன் ஏரியாவில் ஒருத்தர்கூட வேலையில்லாமல் இல்லை" என்றார்.

"இது சரியில்லை சார்."

"நீயா எதையாவது எழுதினியா?"

"இல்லை சார், அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன்."

"விதிப்படி எழுதினியா?"

"விதிப்படிதான் சார்."

"அப்புறம் என்ன சரியில்லை?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே மாமா, நீங்கள் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு அனுப்பிய அந்த எண்ணுக்குள் உங்கள் மகனும் இருக்கிறார், வேலையில் இருப்பவர்கள் பக்கத்தில். அவரை வைத்து எடுத்த கணக்கைக் காட்டி அவரையே குற்றம் சொல்லாதீர்கள். நீங்கள் நினைக்கிறபடி அவர் ஒருவர் மட்டும் பின்தங்கி நிற்கவில்லை. இந்த இரண்டு காலனியிலும் எத்தனையோ வீட்டில் எத்தனையோ வேணு, காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், போக இடமில்லாமல் லோதி தோட்டத்தில் உட்கார்ந்து, ஆபீஸ் விடுகிற நேரத்துக்குத் திரும்பி வருகிறார்கள். அத்தான் எழுத்துப் பரீட்சை ஒன்றில் தேறியிருக்கிறார். இன்டர்வியூ கார்டு வர வேண்டும், பொங்கலுக்குள் வந்துவிடும் என்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அங்கேயிருந்து இன்டர்வியூவுக்கு இவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்? பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்கச் சொல்லி அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் எழுதுவதே அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொல்ல ஒருவருக்குத் தைரியம் வேண்டுமென்றால், அவர் பக்கத்தில் யாராவது முதலில் சொல்ல வேண்டும். நானே சொல்லிவிட்டேன்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்க்கும்போது சூடாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஆசியை நாடும்
அம்சவேணி

பி.கு. இதை எழுதி, தபால் தலை வாங்காமல் கைப்பையில் வைத்திருந்தேன். அதற்குள் தீபாவளி முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபீஸில் தற்காலிகக்காரர்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். வேலையில்லாதவர்கள் இவ்வளவு குறைந்துவிட்ட பிறகு அவர்களை எண்ண இத்தனை பேர் எதற்கு என்று மேலே கேட்டார்களாம். ராமமூர்த்தி சார் வருத்தத்தோடுதான் சொன்னார். பென்சில்களை எண்ணி ஒப்படைத்துவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை; ஜலதோஷம், லீவு என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை அடுத்த சுற்றுக்காக நிரந்தர ஊழியர் ஒருத்தி வந்தாள், லாஜ்பத் நகர்க்காரி, என்னைத் தெரியாதவள். அத்தானைக் கேட்டாள். அவர் கொஞ்சமும் தயங்காமல், ஹிந்தியில், "வேலை இல்லை. இரண்டு வருஷமாகத் தேடுகிறேன்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்து என்னைக் கேட்டாள். மதினி கதவோரம் நின்றிருந்தாள். கேள்வி ஏழு நாளைப் பற்றியது, திங்கட்கிழமை அதற்குள் அடங்கிவிடும், விதிப்படி அது பொய்கூட இல்லை. "ஆபீஸில் வேலை, இன்று லீவு" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம் வேணு அத்தான், நீங்கள் எழுதியிருந்தபடியே, ஜி.டி. எக்ஸ்பிரஸில் புறப்பட்டுவிட்டார். தீப்பெட்டி ஆபீஸில் ஒன்றாம் தேதி சேருவதாகச் சொன்னார்.